ரோமாபுரிப் பொங்கல்

என் வயதொத்தவர்களே, எண்பதைத் தாண்டிய பின்பும் கைப்பேசியைக் கீழே வைக்க மனம் வராத உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நம் வாட்ஸாப் குழுவில் உங்களில் ஒருவர், கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லாத அஞ்ஞானப் பண்டிகை என்று எங்கிருந்தோ வந்த செய்தியை அனுப்புகிறீர்கள். அது சாத்தானின் பொய் என்று இன்னொருவர் பதில் அனுப்புகிறீர்கள். இரண்டு செய்திகளையும் அனுப்பியவர்கள் படித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓய்வுபெறும் நாள்வரை வரலாறு கற்பித்தவள் என்பதால், என் கருத்தையும் கேட்டீர்கள். நான் பேசவில்லை.

இவ்வாண்டு பேச வேண்டியதாயிற்று. 'நம் காலத்தில் இந்தச் சண்டையெல்லாம் கிடையாது, மலாக்காவில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம்' என்று உங்களில் ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வேறொருவர், சென்ற ஆண்டு இறந்துபோன என் அக்காவை நினைவுகூர்ந்து, 'நல்ல பெண், பாவம். ஏதோ குறை இருந்ததால் கலியாணம் நின்றுபோயிற்று' என்று எழுதினார். அதற்கு ஏழெட்டுப் பேர் கைகூப்பியிருந்தீர்கள்.

அக்காவுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. செவிலியராகி, வாழ்நாள் முழுவதும் பிறருடைய புண்களைக் கழுவி, தனியாக வாழ்ந்து, தனியாகப் போனாள். அவளுடைய திருமணம் ஏன் நின்றது என்பதை முழுதாக அறிந்தவர்களில் பேசக்கூடியவள் இன்று நான் ஒருத்திதான். நான் பேசாதிருந்ததற்கு என் தந்தையின் பெயர் ஒரு காரணம். என் பங்கு மற்றொரு காரணம்.

மெர்டேக்காவுக்கு, மலாயாவின் விடுதலைக்கு, முந்திய டிசம்பர் அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். காஜா பேராங்கில் கம்போங் செட்டியை ஒட்டிய பலகை வீடு எங்களுடையது. அப்பா சென்னையில் பட்டம் பெற்றவர். மிஷன் பள்ளியில் ஆசிரியர், எங்கள் தமிழ்ச் சபைக்குச் செயலாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றாமல் தூங்கக்கூடியவர் என்று அம்மா சொல்வாள். நான் அவரைத் தவிர வேறு யாரையும் அறிவாளி என்று நினைத்ததில்லை. எனக்குப் பதினொரு வயது.

டிசம்பருக்குப் போகுமுன் ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணியை நாங்கள் மலாய் வழக்கப்படி 'மக்சிக்', அத்தை, என்று அழைப்போம். நூற்றாண்டுகளாக மலாக்காவிலேயே வாழும் அவர்கள் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள், திருநீறு பூசுகிறவர்கள். ஆனால் தமிழ் பேச மாட்டார்கள். வீட்டில் அவர்களுடைய மலாய்தான். பொங்கலுக்கு முந்தைய நாள், போன தலைமுறைகளுக்கு வாழையிலையில் உணவு படைப்பார்கள். படையல் முடிந்ததும் ஒரு மங்குத் தட்டில் எங்களுக்கும் வரும்: தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மீன் சம்பல், பாண்டான் இலை மணக்கும் பலகாரம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து அச்சுமுறுக்கும் கேக்கும் அவர்களுக்குப் போகும். ஒரு வீட்டுத் தட்டை மறு வீடு வெறுமையாகத் திருப்பியதில்லை.

அந்த ஜனவரியில் அப்பா வாசலில் நின்று தட்டைத் தடுத்தார். இறந்தவர்களுக்கு வைத்ததை எங்கள் வீட்டில் உண்பதில்லை என்று சுத்தமான மலாயில் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "அஞ்ஞானத்தை வீட்டுக்குள்ள விடாதே" என்றார் தமிழில். மக்சிக்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் அவர் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்ற விதத்தை நான் பார்த்தேன். தட்டின் மேலிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, படியிறங்கிப் போனார். அப்பா தட்டைத் தொடவில்லை, குரலை உயர்த்தவில்லை. நியாயமாக நடந்துகொண்டார் என்றே அன்று நான் எண்ணினேன்.

டிரெஸ்ஸர் மாமா பத்து பெரெண்டாமுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தார். மோட்டார் சைக்கிளில் வருவார். அவருடைய மகனுக்கும் அக்காவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆலயத்தில் நல்ல குரலில் பாடுவார், பாடாதபோது அவர் இருப்பதே தெரியாது. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் பார்த்து முடித்ததைப் பொறுத்துக்கொண்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் வரும் ஞாயிறுகளில் என் சடையை அவசரமாகப் பின்னி முடித்துவிட்டு, தன் சடையை இரண்டு முறை பின்னுவாள்.

நம் சபையில் கலியாணங்கள் ஏன் கிறிஸ்துமஸ் வாரத்தில் குவிந்தன என்பதை மறந்திருப்பீர்கள். உறவினர்களுக்கு விடுமுறை, ஆலயத்தில் ஏற்கெனவே அலங்காரம். சவுக்குக் கிளைகளும் வண்ணக் காகிதச் சங்கிலிகளும் பலிபீடத்தின் மேல் பெரிய நட்சத்திரமும் இருக்கும்போது, மணவீட்டார் தனியாக ஒன்றும் கட்டவேண்டியதில்லை. அக்காவின் திருமணம் இருபத்தேழாம் தேதி என்று முடிவாகியிருந்தது. நவம்பரில் ஒரு ஞாயிறு அதை உறுதிசெய்ய வந்த டிரெஸ்ஸர் மாமா, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"தேதி சம்மதம், மாஸ்டர். ஆனா சர்ச்சுல அந்த மரம் இருக்கக் கூடாது."

"எந்த மரம்?"

"சவுக்கு மரம். ஸ்டாரு, பஞ்சு, காகிதத் தோரணம், ஒண்ணும் கூடாது."

"பஞ்சு நீங்கதானே குடுத்தீங்க, வருஷா வருஷம்?"

உண்மைதான். மலாக்கா வெயிலில் சவுக்குக் கிளைமேல் பனியாக ஒட்டப்பட்ட பஞ்சு அவருடைய மருத்துவமனையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மார்கழி முழுவதும் ஆலயத்தில் மெல்லிய மருந்து நெடி இருக்கும்.

"அப்ப எனக்குத் தெரியாது. அறியாம குடுத்தேன். இனிமே காயத்துக்குத்தான் பஞ்சு" என்றார் மாமா. தபாலில் தமக்கு வரும் துண்டுப் பிரசுரங்களைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "டிசம்பர் இருவத்தஞ்சு சூரியனோட பொறந்த நாளு. ரோமாக்காரன் கொண்டாடினது. பொழுது நீள ஆரம்பிக்குதுன்னு அவன் கொண்டாடினான். உங்க பக்கத்து வீட்டுல ஜனவரில கொண்டாடுறாங்களே, அதேதான். அவங்க தட்ட அஞ்ஞானம்னு நீங்க திருப்பி அனுப்பினீங்களாம், எங்க தோட்டம் வரைக்கும் பேச்சு வந்துச்சு. நீங்க பண்றது மட்டும் என்னங்க மாஸ்டர்? ரோமாபுரிப் பொங்கல்!"

உள்ளே அக்கா சிரித்துவிட்டாள். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"சரித்திரம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க, டிரெஸ்ஸர்?"

"காலேஜ் போகலைங்க. படிக்கத் தெரியும்."

"அப்ப இதையும் படிங்க. மார்ச் இருபத்தஞ்சுல மரியாளுக்குத் தூது வந்ததுன்னு ஆதித் திருச்சபை கணக்குப் போட்டுச்சு. அதுலேர்ந்து ஒன்பது மாசம் எண்ணுங்க. சூரியனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"மார்ச் இருவத்தஞ்சு மட்டும் எந்த அதிகாரத்துல இருக்கு, மாஸ்டர்? மேய்ப்பருங்க டிசம்பர் குளிருல வயக்காட்டுல படுத்திருப்பாங்களா?"

"பெத்லகேம் குளிரை பத்து பெரெண்டாம்ல உக்காந்து அளந்தீங்களா?"

இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயரோ அக்காவின் பெயரோ அந்த மாலையில் அதற்குப் பின் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. மாமா தம் பிரசுரங்களை மேசைமேல் விட்டுவிட்டே போனார். அப்பா அவற்றைத் தொடாமல், ஒரு செய்தித்தாளால் அள்ளி எடுத்தார்.

பின்னர் கல்லூரியில் இதே கேள்வியை நான் முறையாகப் படிக்க நேர்ந்தது. படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இனி என்னைக் கேட்காதீர்கள். ரோமாபுரியின் பழைய நாட்காட்டி ஒன்றில், ஒரே தொகுப்புக்குள், அதே நாளில் வெல்லப்படாத சூரியனின் விழாவும் உண்டு, கிறிஸ்துவின் பிறப்பும் உண்டு. எது எதைப் பார்த்து வந்தது என்று அறுதியிட அந்தச் சான்று போதாது. மார்ச் மாதக் கணக்கும் பழையதுதான், ஆனால் அதுதான் காரணம் என்றும் நிறுவ முடியாது. மரமோ பல நூற்றாண்டுகள் கழித்து ஜெர்மானிய நாடுகளில் வந்தது, ரோமாபுரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தில் கிறிஸ்தவர்களே கிறிஸ்துமஸைத் தடைசெய்த காலமும் இருந்தது. டிரெஸ்ஸர் மாமா அறிந்தது பாதி, அப்பா அறிந்தது மறு பாதி. இரண்டு பாதிகளையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் ஒரு நல்ல பாடமாக இருந்திருக்கும். அதற்கு அவர்கள் இருவருக்கும் விருப்பம் இல்லை. உங்களுக்கும் இல்லை.

அந்த நவம்பர் ஞாயிற்றுக்குப் பின் கடிதங்கள் தொடங்கின. அப்பா நேரில் பேசுவதைத் தவிர்த்து எழுதத் தலைப்பட்டார். நீலக்கறுப்பு மையில், அடித்தும் திருத்தியும் அவர் எழுதுவதை நல்ல தாளில் பிரதியெடுப்பது என் வேலை. என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். பள்ளி முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். கண்ணாடிப் பேனா நுனியின் கீறல் சத்தம், மையொற்றும் தாளின் புளித்த வாசனை, 'ஆதலால்', 'எனவே', 'இதனின்று பெறப்படுவது' என்று அணிவகுத்து நிற்கும் வாக்கியங்கள்: அந்த மேசையில் நான் அனுபவித்த பெருமையை என் பட்டமளிப்பு விழாவில்கூட அனுபவித்ததில்லை. மாமாவும் பதில் எழுதினார், மருந்துச் சீட்டுத் தாளில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஓர் ஆச்சரியக்குறியோடு.

நான்காவது கடிதத்தில் அப்பா ஒரு வரி எழுதினார். அதை நான் இன்றும் பார்க்காமல் எழுதுவேன்: 'மாத்திரை மடித்துவரும் காகிதத்தில் சரித்திரம் பயில்பவரோடு வாதாடுவது என் கல்விக்கு இழுக்கு.'

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று வரைவைப் படித்திருக்கிறாள். கலியாண ரவிக்கைக்குக் கையோரம் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியில் குத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடு."

"அப்பா எழுதியிருக்காரே."

"அவர் திருப்பிப் படிக்க மாட்டார். நீ எழுதினா சரியா இருக்கும்னு நம்புவார். விட்டுடு."

"அது பொய்க்கா."

"விடுறது எப்படிடி பொய்யாகும்?"

"அந்த வரிதான் நல்லா இருக்கு."

அக்கா ரவிக்கையை மடியில் இழுத்துக்கொண்டாள். "உனக்கு அப்பா ஜெயிக்கணும். எனக்குக் கலியாணம் நடக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அந்த வரியை நான் எழுதினேன். எழுதியது மட்டுமல்ல, மற்ற வரிகளைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

திருமண ஓலை வாசிக்கும் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். தொடர்ந்து மூன்று ஞாயிறு, மணமக்களின் பெயரைச் சபை முன்னிலையில் வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு, யாரும் பேசாத அந்த இரண்டு நொடிகளில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் அவ்வாறே போயின. மூன்றாம் ஓலை கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. மரம் முந்தின நாள்தான் நாட்டப்பட்டிருந்தது, அவ்வாண்டு பஞ்சு இல்லாமல். போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தடை இருக்குங்க, பாஸ்டர்."

எழுந்தவர் மாப்பிள்ளையின் தகப்பனார்.

போதகர் கண்ணாடியை மாட்ட மறந்து, குரல் வந்த திசையை உத்தேசமாகப் பார்த்தார். "உங்க மகன் கலியாணத்துக்கு நீங்களே தடை சொல்றீங்களா?"

"பொண்ணு மேல தடை இல்லைங்க. பொண்ணு தங்கம். இந்த மரத்து மேலதான் தடை. அஞ்ஞானி மரத்துக்கு முன்னாடி என் மகன் சத்தியம் பண்ண மாட்டான். வெள்ளைக்காரன் ஆகஸ்டுல மூட்டை கட்டுறான்ல? அவன் மரத்தையும் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அப்பா முன் வரிசையிலிருந்து எழுந்து, "அது வெள்ளைக்காரன் மரம் இல்ல, ஜெர்மன்காரன் மரம்" என்றார். அந்த நிலையிலும் பிழை திருத்தாமல் இருக்க அவரால் முடியவில்லை. சிரிப்பு இரட்டிப்பாயிற்று. அப்போதுதான் மாமா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"நான் காலேஜ் படிக்காதவன். மாஸ்டர் எனக்கு எழுதியிருக்காரு, சபையே கேளுங்க. எழுத்து சின்னப் பிள்ளை எழுத்து, பேச்சு மாஸ்டர் பேச்சு." மாத்திரைக் காகித வரியை உரக்கப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, பின் வரிசைக்காக மறுமுறையும் படித்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்து மனிதர்கள். அந்தக் காகிதத்தில் மடித்த மாத்திரையைத் தின்று காய்ச்சல் தீர்ந்தவர்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் அக்கா எனக்கு முன் வரிசையில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கணக்கை ஒருமுறை சரிபார்ப்பவளைப்போல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதைப்பற்றி அவள் வாழ்நாளில் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"வியாழக்கிழமை காலைல இந்த மரமும் ஸ்டாரும் இருந்தா, என் மகன் படியேற மாட்டான்" என்று மாமா முடித்தார். மாப்பிள்ளை பாடகர் குழுவில், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

போதகர் மூப்பர்களைக் கேட்க வேண்டும் என்றார். மூப்பர்கள் செயலாளர் சொல்லட்டும் என்றார்கள். செயலாளர் என் தந்தை.

வீட்டில் அம்மா அப்பாவின் காலில் விழாத குறை. "ஒரு நாளைக்கு எடுத்து வெச்சா என்னங்க? மறுநாளே திரும்பக் கட்டிக்கலாமே."

"எடுத்தா அது அஞ்ஞானம்னு நான் ஒத்துக்கிட்டதா ஆகும்."

"அவ உங்களுக்கு மகளுங்க."

"எனக்குச் சபையும் இருக்கு."

அவர் கொடுமையானவர் அல்லர். தாம் காத்துநிற்பது ஒரு கொள்கையை என்றுதான் நம்பினார். ஆயினும் அவ்வாறு நிற்க முடிந்ததற்குக் காரணம், டிரெஸ்ஸர் இறுதியில் இறங்கிவருவார் என்று அவர் உறுதியாக எண்ணியதே. டிரெஸ்ஸரும் அவ்வாறே எண்ணியிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் அம்மா வழக்கம்போல் ஒரு தட்டில் அச்சுமுறுக்கும் கேக்கும் அடுக்கி, பக்கத்து வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஜனவரியில் நடந்ததை மக்சிக் மறந்திருப்பார் என்று அம்மா நம்பினாளோ, மன்னிப்புக் கேட்க அவளுக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லையோ. மக்சிக் சாரோங்கைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். துணியை விலக்கிப் பார்த்தார். ஆலயத்துச் சண்டை காஜா பேராங் முழுக்கப் பரவியிருந்தது.

"இனி மத்தஹாரி பூஞா கா?" என்றார். இது சூரியனுக்குப் படைத்ததா என்று கேட்கிறார்.

அவர் உள்ளே திரும்பி, மருமகள்களைக் கூவி அழைத்து, அதையே இன்னொரு முறை சொன்னார். மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சாமா லா கித்தா!" என்றார் மக்சிக் என் கன்னத்தைத் தட்டி. நாமெல்லாம் ஒன்றுதான் என்று பொருள். உங்களில் ஒருவர் 'ஒரே குடும்பம்' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை அந்தக் காலத்தில் நான் கேட்டது இந்த ஒரு முறைதான், இந்தத் தொனியில்தான். பிறகு அவர் துணியை மூடி, ஜனவரியில் தமக்குச் செய்யப்பட்டதைப்போலவே, தட்டை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அடுப்பங்கரை மேடைமேல் வைத்தேன். அந்தப் பெண்மணியை நான் பல ஆண்டுகள் வெறுத்தேன். இன்று என் வெறுப்புக்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்க இயலவில்லை.

மறுநாள், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அக்கா என்னிடம், "வா, ஏணி பிடிக்கணும்" என்றாள். வெயிலில் நடந்தோம். ஆலயத்தில் யாரும் இல்லை. பள்ளி ஏணியைச் சுவரில் சாத்தி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முதலில் காகிதச் சங்கிலிகள், பிறகு சன்னல்களின் மேலிருந்த கிளைகள். வாடிய சவுக்கு ஊசிகள் என் தலையிலும் கழுத்திலும் கொட்டின. பசை ஒட்டிய இடங்களில் காகிதம் கிழியாமல் இருக்க, நகத்தால் மெல்லப் பெயர்த்தாள். மரத்தைத் தொட்டியோடு நாங்கள் இருவரும் பின்னறைக்கு இழுத்துச் சென்றோம். பிறகு பலிபீடத்து வளைவின் உச்சியிலிருந்த நட்சத்திரத்தையும் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டு, சன்னல் மேல் மிச்சமிருந்த கிளைகளுக்கு ஏணியை மாற்றி ஏறினாள்.

ஆலயத்துக் காவலாளி பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார். அப்பா சைக்கிளில் வந்தார். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தமும் கேட்டது. போதகரிடம் முடிவு கேட்க டிரெஸ்ஸர் மாமா மகனோடு வந்திருந்தார். போதகரும் வந்து வாசலில் நின்றார்.

"இறங்கு கீழே" என்றார் அப்பா.

"ரெண்டு கிளைதாம்பா இருக்கு. முடிச்சிட்டு இறங்குறேன்."

"யாரைக் கேட்டு இதைச் செய்யுற?"

"யாரையும் கேக்கல. நீங்க எடுக்க வேணாம். நீங்க ஒத்துக்கவும் வேணாம். நான்தான் எடுத்தேன்."

எனக்கு அப்போது மகிழ்ச்சி பொங்கியது. அக்கா இருவரையும் ஒரே வீச்சில் வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா இறங்கிவரவில்லை, மாமாவின் நிபந்தனையும் நிறைவேறியது. இனி யாருக்கு என்ன தடை?

டிரெஸ்ஸர் மாமா வெறும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் நிறைவு இல்லை.

"உன்னை யாரும்மா எடுக்கச் சொன்னா?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க, சபையில."

"நான் உங்கப்பாவ எடுக்கச் சொன்னேன். உன்னையா சொன்னேன்?"

அவர் மேலும் சொன்னார்: "பெத்த அப்பன் வேணாம்னு சொல்லியும், ஏணி வெச்சு ஏறி அவுக்கிற பொண்ணு, நாளைக்கு என் வீட்டுல எதுக்கு ஏணி வெப்பாளோ?"

அப்பா மறுத்துப் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். ஒரு மாதமாக அந்த மனிதரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மறுப்பு எழுதியவர் அவர். நான் பிரதியெடுத்திருக்கிறேன்.

"டிரெஸ்ஸர் கேக்கிறது நியாயம்" என்றார் என் தந்தை.

அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அக்கா ஏணியின் மேலிருந்தபடியே, மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நாளைக்கு வருவீங்களா?"

மாப்பிள்ளை தம் கால் சப்பாத்தைப் பார்த்தார். அந்த நல்ல குரலில், "அப்பா என்ன சொல்றாரோ…" என்றார்.

"சரி" என்றாள் அக்கா.

அழுவாள் என்று போதகர் எண்ணியிருக்க வேண்டும், இரண்டடி முன்னால் வந்தார். அவள் என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தச் சங்கிலிய எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதை இருந்த ஆணியிலேயே மாட்டினாள். "கலியாணத்துக்காகத்தான் அவுத்தேன். கலியாணம் இல்லேன்னா இருந்த எடத்துல இருக்கட்டும்."

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்தே வெளியே போனார்கள். விருந்தினருக்கு எப்படிச் செய்தி சொல்வது, யார் வீட்டிலிருந்து யார் போவது என்று அவர்கள் மரியாதையாகப் பேசிக்கொள்வது சன்னல் வழியாகக் கேட்டது. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார், மாமா தம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவரோடு நடந்தார்.

நான்கு மணிக்குக் கலியாணப் பாட்டு ஒத்திகைக்காகப் பிள்ளைகள் வந்தீர்கள். ஆமாம், இந்த வாட்ஸாப் குழுவில் இருப்பவர்களில் மூன்று பேர் அன்று வந்திருந்தீர்கள். பெயர் எழுதமாட்டேன், உங்களுக்கே தெரியும். இனி ஒத்திகை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று போதகர் மெல்லிய குரலில் சொன்னார். அக்கா பலிபீடத்து வளைவுக்கு ஏணியை மாற்றச் சொல்லி, மேலே ஏறி, நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பி முறுக்கிய விரல்களில் பசையும் சவுக்குப் பிசினும் கறுத்திருந்தன.

"நேரா இருக்கான்னு யாராவது பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள் திரும்பாமல்.

நீங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தீர்கள். அதை நான் கண்டேன். பிறகு, போகச் சொன்னார்கள் என்பதற்காக, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டீர்கள்.

ஏணியை இரு கைகளாலும் பிடித்திருந்த எனக்கு, நின்ற இடத்திலிருந்து நட்சத்திரம் தெரியவில்லை.